‘ஹெல்ப்’ என்னும் சொல்லும் அதன் பொருள்களும்

அந்நிய மொழியொன்றைப் பயிலத் தொடங்குவோர் நீண்ட சொற்களைக் கண்டு அஞ்சுவது வழக்கம். ஆனால், நீண்ட சொல்லின் பொருள் பெரும்பாலும் அகராதியில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பயில்வோரை உண்மையில் இடர்ப்படுத்துவன அன்றாடம் வழங்கும் சிறு சொற்களேயாம். ‘ஹெல்ப்’ என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. அதற்கு ஆங்கிலத்தில் எழுத்துகள் நான்கே. அதன் பொருள் ‘உதவி’ என்பதைச் சிறு பாலகனும் சொல்லிவிடுவான். அவன் சொல்வது பிழையன்று. ஆயினும், அவ்வொரு பொருளை மாத்திரம் துணைக்கொண்டு ஆங்கிலத்தைக் கேட்பவன் விருந்திலும், வைத்தியசாலையிலும், செய்தித்தாளின் முன்பும் தடுமாறுவான். சில வேளைகளிற் சொல்லப்பட்டதற்கு நேர்மாறாகவே விளங்கிக்கொள்வான். ஆதலின், இச்சிறு சொல்லைச் சற்றே விரித்து நோக்குதல் பயனுடைத்து.

இச்சொல் ஆங்கில மொழியின் பழங்குடிச் சொற்களுள் ஒன்று. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிப் பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டுவருமுன்னரே, ‘ஹெல்பன்’ என்னும் வினையாக அது அந்நாட்டு மக்களின் நாவில் வழங்கியது. ஜெர்மன் மொழியில் ‘ஹெல்ஃபன்’ என்றும், ஒல்லாந்தர் மொழியில் ‘ஹெல்பன்’ என்றும், சுவீடன் மொழியில் ‘யெல்பா’ என்றும் அதன் உடன்பிறப்புகள் இன்றும் வாழ்கின்றன. பழைய ஆங்கிலத்தில் இவ்வினை இறந்தகாலம் காட்டும்போது தன் உள்ளுயிரை மாற்றிக்கொண்டது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ‘ஹோல்பன்’ என்னும் பழைய வடிவத்தைக் காணலாம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் ‘ஹோல்ப்’ என்பதும் வரும். பிற்காலத்தில் இவ்வடிவங்கள் அருகி, இறுதியில் ஓர் ஒலியைச் சேர்த்து ‘ஹெல்ப்ட்’ என்று கூறும் எளிய முறையே நிலைத்துவிட்டது.

தமிழ் மாணவன் இச்சொல்லைக் கையாளுமிடத்து முதலில் இடறுவது வேற்றுமையிலாகும். தமிழில் ‘எனக்கு உதவினான்’ என்கிறோம். உதவியைப் பெறுபவர் நான்காம் வேற்றுமை ஏற்பது நம் மொழியின் இயல்பு. கொடைப்பொருளை அவ்வேற்றுமையின் பொருள்களுள் முதலாவதாக நன்னூலார் வைத்துள்ளார். உதவியும் ஒருவகைக் கொடையே அன்றோ? ஆங்கிலத்திலோ உதவியைப் பெறுபவர் செயப்படுபொருளாகவே நிற்கிறார். அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘என்னை உதவினான்’ என்று வரும். இவ்வேறுபாட்டை உணராத மாணவர், ‘எனக்கு’ என்பதை மனத்தில் வைத்து, ‘ஹெல்ப்’ என்பதன் பின்னே ‘டு மீ’ என்று எழுதிவிடுகின்றனர். இது பிழை. எனினும், பழைய ஆங்கிலத்தில் இவ்வினை நான்காம் வேற்றுமையையே பெரிதும் ஏற்று வந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் அவ்வாறே. வேற்றுமை உருபுகள் ஆங்கிலத்தில் தேய்ந்தழிந்தபோது இந்நுட்பமும் மறைந்தது. ஆகவே, தமிழ் மாணவனின் மனத்தில் எழும் அமைப்பு ஆங்கிலத்தின் முன்னோர் அறியாத ஒன்றன்று. இன்றைய வழக்கு அதனை ஏற்பதில்லை என்பதே அறியவேண்டியது.

இரண்டாவது இடறல் எண்ணிலாகும். ‘தாங்கள் செய்த உதவிகளுக்கு நன்றி’ என்று தமிழிற் கடிதம் எழுதுவது சிறப்பு. ஆங்கிலத்தில் இப்பொருளில் ‘ஹெல்ப்’ என்பது தண்ணீரையும் அரிசியையும் போல எண்ணப்படாத பெயர். அதற்குப் பன்மை இல்லை. பத்து முறை உதவியிருப்பினும் அது ‘ஹெல்ப்’ மாத்திரமே. ஆயினும், ஓர் ஆளையோ பொருளையோ குறித்து ‘எ கிரேட் ஹெல்ப்’, அஃதாவது ‘பெருந்துணை’ என்று ஒருமையிற் கூறுவது உண்டு. அதுபோலவே, ‘உதவி செய்தான்’ என்பதை அப்படியே பெயர்த்து, ‘செய்தல்’ என்னும் பொருள்படும் ‘டூ’ என்னும் வினையை இப்பெயரோடு இணைப்பதும் பொருந்தாது. ஆங்கிலேயர் உதவியைக் ‘கொடுப்பர்’. தயவு என்னும் பொருளுடைய ‘ஃபேவர்’ என்பதையே ‘செய்வர்’.

மூன்றாவது, இவ்வினைக்குப் பின் மற்றொரு வினை வருமிடம். ‘பெட்டியைத் தூக்க உதவினான்’ என்பதை ஆங்கிலத்தில் இருவகையாகச் சொல்லலாம். இரண்டாம் வினைக்கு முன் ‘டு’ என்னும் இடைச்சொல்லை வைத்தலும் உண்டு; விடுத்தலும் உண்டு. இரண்டும் திருத்தமானவையே. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வழக்கின் செல்வாக்கினால் ‘டு’ இல்லாத வடிவம் பெரிதும் பரவிற்று. பேச்சில் இன்று அதுவே மிகுதி.

இவையெல்லாம் இலக்கணப் பிழைகள். இவற்றால் எழுதுபவனுக்கு மதிப்பெண் குறையலாம், கருத்து மாறுபடுவதில்லை. கருத்தே மாறிவிடும் இடங்கள் இனி வருவன.

‘ஹெல்ப்’ என்பதற்குத் ‘தவிர்த்தல்’ என்றும் ஒரு பொருள் உண்டு. ‘முடியாது’ என்னும் பொருள்படும் ‘கான்ட்’ என்பதோடு சேர்ந்தே அப்பொருளில் அது பெரும்பாலும் வரும். ‘ஐ கான்ட் ஹெல்ப் லாஃபிங்’ என்றால், ‘சிரிப்பதற்கு என்னால் உதவ முடியாது’ என்பதன்று. ‘என்னாற் சிரிக்காமல் இருக்க முடியவில்லை’ என்பதாம். உதவி எவ்வாறு தவிர்த்தலாயிற்று என்று வியப்போர் இடைப்பட்ட படியை நோக்குதல் வேண்டும். துன்பத்தில் உதவுதல் என்பது துன்பத்துக்குப் பரிகாரம் தேடுதல். பரிகாரம் தேடுதல் துன்பத்தை நீக்குதலாகும். நீக்குதல் நாளடைவில் வராமற் தடுத்தலாகவும் தவிர்த்தலாகவும் விரிந்தது. இவ்வழக்கு ஷேக்ஸ்பியரின் காலத்திலேயே ஆங்கிலத்தில் ஊன்றிவிட்டது.

இப்பொருளை அறியாமையால் விளையக்கூடிய தீங்கு சிறிதன்று. நீரிழிவினால் அழுகிய காலொன்றை வெட்டி நீக்கவேண்டும் என்று வைத்தியர் முடிவு செய்கிறார் எனக் கொள்வோம். நோயாளியின் மகன் கலக்கத்தோடு, கட்டாயம் வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்கிறான். வைத்தியர் ஆங்கிலத்தில், ‘இட் கான்ட் பி ஹெல்ப்ட்’ என்று பதிலளிக்கிறார். ‘வேறு வழியில்லை’ என்பதே அவர் கருத்து. சிகிச்சையைத் தொடரவேண்டும் என்றே அவர் நிற்கிறார். அரைகுறை ஆங்கிலம் அறிந்த மகனோ, ‘உதவ முடியாது என்று டொக்டர் கைவிரித்துவிட்டார்’ என்று தாயிடம் கூறுவான். நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதற்கும் அவர்கள் எண்ணக்கூடும். ஒரு சொல்லின் ஒரு பொருளை அறியாமை ஓர் உயிரோடு விளையாடக்கூடிய இடம் இது. ஆதலின், வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்போர் இத்தொடரை உள்ளம் ஊன்றிக் கேட்டல் வேண்டும்.

மருந்தைக் குறித்து வரும்போதும் இச்சொல் மயக்கம் தரும். ஒரு மருந்து இருமலுக்கு ‘ஹெல்ப்’ செய்கிறது என்று ஆங்கிலத்தில் வரின், இருமல் வளர்வதற்கு அது துணைபோகிறது என்பதன்று பொருள். இருமலைத் தணிக்கிறது என்பதேயாம். தமிழிலும் ‘காய்ச்சலுக்கு மருந்து’ என்னும்போது காய்ச்சலுக்கு நன்மை செய்யும் மருந்தென்று எவரும் கொள்வதில்லை. நான்காம் வேற்றுமை அங்கே பகைப்பொருளில் வந்து நிற்கிறது. ஒரு மொழிக்குரியோர் சிந்தியாமலே அறிவதை மற்றவர் சிந்தித்தே அறியவேண்டியிருக்கிறது.

இனி விருந்துக்கு வருவோம். ஆங்கிலேயர் வீட்டு மேசையில் அமர்ந்த விருந்தினரை நோக்கி, வீட்டுத் தலைவி ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்பாள். ‘உனக்கு நீயே உதவிக்கொள்’ என்று இதனைப் பெயர்த்தால் அது முகத்திலறைந்தாற் போலிருக்கும். விருந்தினரின் இலையருகில் நின்று, போதும் போதும் என்றாலும் விடாது மேலும் ஓர் அகப்பை இடுவதை உபசாரமெனக் கொண்ட மக்களுக்கு, அத்தொடர் புறக்கணிப்பாகவே தோன்றும். ஆனால், அதன் உட்பொருள் வேறு. உணவு பரிமாறுதலையும் ஆங்கிலத்தில் ‘ஹெல்ப்’ என்றே கூறுவர். ஒரு முறை பரிமாறிய அளவு ‘ஹெல்பிங்’ எனப்படும். எனவே வீட்டுத் தலைவி கூறியது, ‘கூச்சமின்றி வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதேயாம். விருந்தினரின் விருப்பத்துக்கு இடங்கொடுப்பது அவர்களின் மரியாதை. இரண்டு உபசாரங்களும் அன்பின் வெளிப்பாடுகளே.

இதே தொடர் குறும்பாகவும் வரும். ஒருவன் பிறர் பணத்துக்குத் தன்னை ‘ஹெல்ப்’ செய்துகொண்டான் என்றால், கேளாமல் எடுத்துவிட்டான், அஃதாவது திருடினான் என்பது கருத்து. இனிய சொல்லின் போர்வையில் இழிந்த செயலைச் சொல்லும் முறை இது.

செய்தித்தாளிலும் இப்போர்வையைக் காணலாம். பிரித்தானியச் செய்திகளில், குற்றமொன்று நிகழ்ந்தபின், ஒருவர் பொலிசாரின் விசாரணைக்கு ‘உதவி’ வருகிறார் என்னும் பொருளில் ஒரு வாக்கியம் நெடுங்காலம் வழங்கிற்று. சொல்லளவில் நோக்கினால், அவர் நற்குடிமகனாக முன்வந்து சான்று கூறுகிறார் என்றே தோன்றும். ஆனால், பொலிசார் அவரை ஐயத்தின் பேரில் விசாரிக்கின்றனர் என்பதே வாசகர் அறிந்த உட்கருத்து. குற்றஞ்சாட்டப்படுமுன் ஒருவரைக் குற்றவாளியெனச் சுட்டுதல் நீதிக்கு மாறானது என்பதால் இம்மென்மொழி பிறந்தது. இதனைத் தமிழிற் பெயர்க்கும் செய்தியாசிரியர் இரு பக்கமும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘உதவுகிறார்’ என்றால் உண்மை மறையும். ‘குற்றவாளி பிடிபட்டார்’ என்றால் நீதி கெடும். ‘விசாரிக்கப்படுகிறார்’ என்பதே நடுநிலை. ஓர் அயலானின் நற்பெயர் இவ்வாறு ஒரு வினைச்சொல்லின் மேல் நிற்பதுண்டு.

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ஹெல்ப்’ என்பது ஆளையும் குறிக்கும். இதன் வரலாறு சிந்தனைக்குரியது. அமெரிக்கா சுதந்திர நாடான பின்னர், அங்கே பிறர் வீட்டிற் பணிசெய்த வெள்ளையர் பலர், தம்மை ‘வேலைக்காரர்’ என்னும் பொருளுடைய ‘சேர்வன்ட்’ என்ற சொல்லால் அழைப்பதை விரும்பவில்லை. தாம் சுதந்திரக் குடிகள் என்றும், அயலாருக்கு ஒத்தாசை செய்பவர் என்றும் கருதி, ‘ஹெல்ப்’ என்னும் பெயரையே வேண்டினர். 1827ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற ஃபிரான்சஸ் துரொலப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, 1832இல் வெளியிட்ட தம் நூலில் இதனை ஏளனத்தோடு குறித்துள்ளார். அவருக்கு நகைப்பாகத் தோன்றியது அப்பணியாளருக்கு மானப் பிரச்சினையாயிருந்தது. காலம் செல்லச் செல்ல அச்சொல்லின் மதிப்புத் தேய்ந்தது. 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்து வெள்ளையர் வீடுகளிற் பணியாற்றிய கறுப்பினப் பெண்களின் நிலையைக் கூறும் நாவலொன்றைக் கத்ரின் ஸ்டொக்கெட் என்பவர் 2009இல் வெளியிட்டார். அதன் பெயர் ‘த ஹெல்ப்’. சமத்துவத்தை நாடிய மக்கள் தேர்ந்தெடுத்த சொல்லே, சமத்துவம் மறுக்கப்பட்டோரின் பெயராயிற்று. பெயரை மாற்றுவதால் நிலை மாறிவிடாது. நிலை மாறாதவிடத்துப் புதுப்பெயரும் பழம்பெயரின் கறையை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இஃதொரு சான்று.

துணைவியையோ துணைவனையோ குறிக்கும் ‘ஹெல்ப்மீட்’ என்னும் சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில், முதல் மனிதனுக்குத் துணை அமைக்கப்படுமிடத்தில் ‘ஹெல்ப்’, ‘மீட்’ என்னும் இரு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே ‘மீட்’ என்பது தகுந்த, ஏற்ற எனப் பொருள்படும் பழைய உரிச்சொல். பின்வந்தோர் அப்பழம்பொருளை மறந்து, இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிட்டனர். அப்புதுச்சொல் விளங்காமற்போகவே, தோழர் என்னும் பொருளுடைய ‘மேட்’ என்பதை இறுதியில் வைத்து ‘ஹெல்ப்மேட்’ என்றும் வழங்கினர். தமிழ் விவிலியம் ‘ஏற்ற துணை’ என்று இரு சொல்லாகவே கூறுவதால் நமக்கு இம்மயக்கம் இல்லை. எபிரேய மூலத்தில் அவ்விடத்து நிற்கும் ‘ஏசெர்’ என்னும் சொல், பழைய ஏற்பாட்டின் பல இடங்களிற் கடவுளையே மனிதனுக்குத் துணையாகக் குறிக்கிறது. எனவே துணை என்பவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணத்துக்கு அச்சொல்லில் இடமில்லை.

‘ஹெல்ப்’ என்பதன் அருகே வைத்து எண்ணத்தக்க வேறு சில சொற்களும் ஆங்கிலத்தில் உள்ளன. அவை பிரெஞ்சு, இலத்தீன் மொழிகளின் வழிவந்தவை. ‘அசிஸ்ட்’ என்பதன் இலத்தீன் மூலம் அருகில் நிற்றலைக் குறிக்கும். பிரெஞ்சு மொழியில் அதே வினை இன்றும் ஒரு நிகழ்ச்சிக்குச் சமுகமளித்தலைக் குறிக்க வழங்குகிறது. முதன்மையான வேலை மற்றொருவருடையது, அருகில் நின்று துணைபுரிவது இவருடையது என்பதே அதன் சாயல். ஆதலினாற்றான் உத்தியோகப் பெயர்களில் அது வருகிறது. ‘உதவி அரசாங்க அதிபர்’, ‘உதவி ஆசிரியர்’ என்று நாம் கூறுமிடத்தெல்லாம் ஆங்கிலத்தில் இச்சொல்லே உண்டு. ‘ஹெல்ப்பர்’ என்றாலோ எடுபிடி வேலை செய்பவரென்றே பொருள்படும். வடமொழியிலிருந்து தமிழில் வழங்கும் ‘சகாயம்’ என்னும் சொல்லும் உடன்செல்லுதல் என்னும் கருத்திலிருந்து வந்ததே. ஒரு மொழியார் உதவியை உடன்நிற்பதாகவும், மற்றொரு மொழியார் உடன்செல்வதாகவும் கண்டனர்.

‘எய்ட்’ என்பது பெரும்பாலும் பொருளும் பணமுமாகிய உதவி. நாடுகள் நாடுகளுக்கு அளிப்பது இதுவே. முதலுதவிக்கும், செவிப்புலன் குறைந்தோர் அணியும் கருவிக்கும் இச்சொல் வழங்கும். இலங்கையில் அரசாங்க நன்கொடை பெற்ற பாடசாலைகள் ‘உதவி பெறும் பாடசாலைகள்’ எனப்பட்டன. 1960ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து அவற்றுட் பெரும்பாலானவை அரசின் நிருவாகத்தின் கீழ் வந்தன. ‘எய்ட்’ என்பதற்குச் சட்டத்தில் ஓர் இருண்ட முகமும் உண்டு. குற்றம் புரிபவனுக்கு வேண்டுமென்றே துணைசெய்தலும் குற்றமாம் என்று 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கூறுகிறது. தமிழில் அதற்கு ‘உதவி’ என்னும் நற்சொல்லை நாம் பெரும்பாலும் வழங்குவதில்லை, ‘உடந்தை’ என்கிறோம். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிய இரண்டையும் தமிழ் வேறு பிரித்திருப்பது சிறப்பேயாகும்.

ஆபத்தில் அலறுபவன் வாயில் எழுவது ‘ஹெல்ப்’ என்னும் பழஞ்சொல்லே. நீரில் மூழ்குபவன் ‘அசிஸ்ட்’ என்று கூவுவதில்லை. ஆயினும், வானொலியில் விமானிகளும் மாலுமிகளும் அபயம் கேட்கும்போது ‘மேடே’ என்று மும்முறை கூறுகின்றனர். ‘எனக்கு உதவுங்கள்’ என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவியது அது. 1927ஆம் ஆண்டில் வாஷிங்டனிற் கூடிய சர்வதேச மாநாட்டில் அது அங்கீகரிக்கப்பட்டது. இரைச்சலுக்கிடையிலும் தெளிவாகக் கேட்கவேண்டும். சாதாரணப் பேச்சிலே தற்செயலாய் வந்து மயக்கமும் தரக்கூடாது. அன்றாடச் சொல்லாகிய ‘ஹெல்ப்’ அத்தேவைக்குப் போதாதாயிற்று. இன்று தொலைபேசியிலே துயருற்றோருக்கு ஆறுதல் கூறும் சேவைகளுக்கும், கணினித் திரையில் வழிகாட்டும் பகுதிக்கும் அதே பழஞ்சொல் பெயராய் நிற்கிறது.

தமிழில் ‘உதவு’ என்னும் வினைக்குப் பயன்படுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. ‘இப்பலகை கதவுக்கு உதவும்’ என்கிறோம். எதற்கும் பயன்படாதவனை ‘உதவாக்கரை’ என்கிறோம். பிறருக்குப் பயன்படுதலே ஒருவனின் பயன் என்னும் கருத்து இவ்வழக்கில் அடங்கியிருக்கிறது. திருவள்ளுவரும் பெற்ற உதவியை மறவாமைக்கு ஓர் அதிகாரமும், கைம்மாறு கருதாது ஊருக்கு உதவும் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார்.

ஆங்கிலேயர் வழங்கும் ‘செல்ஃப் ஹெல்ப்’, அஃதாவது சுயவுதவி, இதற்கு முரணானதென்று சிலர் எண்ணுவர். 1859ஆம் ஆண்டில் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்னும் ஸ்கொத்லாந்தர் அப்பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். 1871இல் நகாமுரா மசனாவோ அதனை யப்பானிய மொழியிற் பெயர்த்தார். தன் முயற்சியையே நம்பவேண்டும் என்று கூறும் அந்நூல் பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஏழைத் தொழிலாள இளைஞர் சிலர் மாரிக்கால மாலைகளிற் கூடி, அறிந்தவர் அறியாதவருக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்து வந்தனர். அவர்களின் அழைப்பை ஏற்று 1845இல் ஸ்மைல்ஸ் ஆற்றிய சொற்பொழிவே அந்நூலுக்கு வித்தாயிற்று. சுயவுதவியைப் போற்றிய நூல் ஒருவர்க்கொருவர் உதவிய கூட்டத்தில் முளைத்தது. தனக்குத்தான் உதவுதல் அயலாருக்கு உதவுதலையும் உள்ளடக்கும் என்று ஸ்மைல்ஸே பின்னர் ஒரு முன்னுரையில் விளக்க நேர்ந்தது.

ஆதலின், ‘ஹெல்ப்’ என்னும் சொல்லைக் கேட்கும்போதும் பெயர்க்கும்போதும் மூன்றை நோக்குதல் நலம். அதனோடு ‘முடியாது’ என்னும் சொல் சேர்ந்து வருகிறதா என்று பார்த்தல் வேண்டும்; சேர்ந்துவரின் அது பெரும்பாலும் தவிர்த்தலைக் குறிக்கும். உதவியை ஏற்பது ஆளா, நோயா, உணவா என்று பார்த்தல் வேண்டும். அதற்கேற்பத் தமிழிற் சொல் மாறும். யார் யாருக்குச் சொல்கிறார் என்பதையும் பார்த்தல் வேண்டும். விருந்தில் உபசாரமாய் இருப்பதே பொலிஸ் நிலையத்தில் மென்மொழியாகும். இம்மூன்றையும் கைக்கொள்பவருக்கு இந்நான்கெழுத்துச் சொல் இடறுகல்லாக இராது. நல்ல துணையாகவே அமையும்.